தோல் பூமியின் இரும்புக் கணக்கு

ஆம்பூர் ஷூ என்று பேச்செடுத்தால் தோலில்தான் போய் நிற்போம். ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா, எந்த டேனரி, எந்த நாட்டு ஆர்டர் என்று பேச்சு நீளும். அந்தத் தோலின் மேல் முதலில் இறங்குகிற எஃகுப் பட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 'டை' என்பார்கள் அதை. ஷூவின் மேல்பாகமான அப்பரில் எத்தனை துண்டுகள் உண்டோ அத்தனைக்கும் தனித்தனி டை வேண்டும். பலகையில் தோலை விரித்து, தழும்பும் ஓட்டையும் இல்லாத இடமாகப் பார்த்து டையை வைத்து, கிளிக்கிங் மெஷினின் கையை அதன் மேல் திருப்பி, இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் துண்டு வெட்டுப்பட்டுவிடும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் மெஷின் இறங்கும். விரலைக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு அது.

ஒரு மாடலில் பத்துத் துண்டுகள், பத்து அளவுகள் என்று வையுங்கள். நூறு டை ஆயிற்று. அரை அளவுகளும் கேட்டால் எண்ணிக்கை இன்னும் ஏறும். இரண்டு பக்கமும் கூர் உள்ள பட்டையில் செய்தால், டையைப் புரட்டிப் போட்டு இடது காலுக்கும் வலது காலுக்கும் வெட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கக் கூர் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதுதான்.

பட்டை சுருளாக வருகிறது. பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் உயரம். கனமான பொருளை வெட்ட 32 மில்லிமீட்டர். வெட்டும் விளிம்பை மட்டும் கடினமாக்கி, உடம்பை இளக்கமாக விட்டிருப்பார்கள். உடம்பும் கடினமாக இருந்தால் வளைக்கும்போது முறியும். விளிம்பும் இளகியிருந்தால் சீக்கிரம் மழுங்கும். இந்த இரண்டு குணமும் ஒரே பட்டையில் இருப்பதால்தான் நெருப்பே இல்லாமல் கையால் வளைக்க முடிகிறது. ஷூ கம்பெனியிலிருந்து வந்த பேட்டர்னை முன்னால் வைத்துக்கொண்டு டை செய்பவர் ஒவ்வொரு வளைவாகப் போகிறார். வளைப்பது, பேட்டர்ன் மேல் வைத்துப் பார்ப்பது, தட்டித் திருத்துவது, மறுபடி வளைப்பது. இரு முனைகளும் எங்கே சேர வேண்டும் என்பதைப் பட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்திருப்பார். பற்றவைக்கும்போது சூடு விளிம்பில் தங்கினால் அந்த இடத்தில் கூர் நிற்காது. அதனால் வெல்டிங் ஒரு நொடியில் தொட்டு எடுக்கிற வேலை. பிறகு டை வாய் பிளக்காமல் இருக்க உள்ளே குறுக்குக் கம்பிகள், அளவைக் காட்டும் சிறு வெட்டுக் குறிகள், மாடல் எண், அளவுக்கு ஒரு நிறம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை அளவுக் கணக்கு சொல்லும். ஆங்கில அளவில் ஓர் எண் கூடினால் ஷூவின் அச்சான 'லாஸ்ட்' நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம் கூடுகிறது, அதாவது 8.47 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கு 6.67 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி எல்லாத் துண்டுகளுக்கும் பகிர்ந்து போகிறது. சின்னத் துண்டில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். டையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் எட்டாம் எண் ஷூவில் ஒன்பதாம் எண்ணின் துண்டு உட்கார்ந்துவிடும். தையல் மேசையில் இழுத்துப் பிடித்துச் சமாளித்தாலும் லாஸ்டில் ஏற்றும்போது சுருக்கம் விழும். இத்தனை நுணுக்கத்தோடு செய்த டை, மாடல் பழசானதும் காயலான் கடைக்குப் போகிறது. அங்கே அதற்கு ஒரே மதிப்பு, கிலோவுக்கு என்ன விலை என்பது.

தோல் வட்டாரத்தின் இரும்பு வேலை முழுவதையும் அந்தக் கிலோதான் ஆள்கிறது. டை செய்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் தப்பித்தவர்கள். வேலூரிலும் காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஆம்பூர், வாணியம்பாடி ஓரங்களிலும் ஷெட் போட்டு ஃபேப்ரிகேஷன் செய்யும் மற்ற எல்லோரும் எடையில்தான் விலை பேசுகிறார்கள். எடைக்குள் அடங்காத உழைப்பும் ஆபத்தும் யார் கணக்கில் ஏறுகின்றன என்று இந்த வட்டாரம் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரும்பு தொடக்கூடாத தோல்

ஒரு காலத்தில் இங்கே இரும்புக்கு இடமே இருக்கவில்லை. பாலாற்றங்கரை நெடுக இருந்த பழைய டேனரிகளில் தோலைக் குழிகளில் ஊறப்போட்டுப் பதப்படுத்தினார்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் மருந்து. அவற்றில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகிவிடும். முற்காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இதே சேர்மானத்தில்தான். துருப்பிடித்த ஆணி ஒன்று குழியில் விழுந்தாலும் தோலில் கறை. ஒருமுறை ஏறிய கறையைப் போக்குவது பெரும்பாடு. அதனால் மரமும் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகவே அந்தத் தொழில் நடந்தது.

திருப்பம் 1973-ல் வந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதமிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலும் காலணியும் இங்கேயே செய்யப்பட வேண்டும் என்பது நோக்கம். குரோமியம் உப்பால் பதமிடும் முறை பரவியது. நாள் கணக்கில் குழியில் ஊறிய தோல், சுழலும் டிரம்மில் மணிக்கணக்கில் பதமானது. டிரம்மின் உடல் இன்றும் பெரும்பாலும் மரம்தான். ஆனால் அதைக் கட்டிப் பிடிக்கும் வளையங்கள், தாங்கும் அச்சு, சுற்றிலும் ஓடும் பல்சக்கரம், கதவின் சட்டம், கீழே நிற்கும் ஸ்டாண்டு எல்லாம் இரும்பு. தோலை இழுத்துக் கிளிப் போட்டு உலர்த்தும் டாகிள் சட்டங்கள், தொங்கவிட்டு நகர்த்தும் சங்கிலிப் பாதைகள், ஸ்பிரே அறைகள், பாய்லர் புகைபோக்கி, படிகள், மேடைகள் என்று டேனரிக்குள் இரும்பு நிறைந்தது. பெரிய இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம். அவற்றை நிறுத்தியவர்கள், உடைந்த பாகத்தைப் பார்த்து அதே போல் இன்னொன்று செய்து கொடுத்தவர்கள், மெஷின் நின்றுபோன இரவில் வெல்டிங் செட்டோடு வந்தவர்கள் உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள்.

அடுத்த அலை நீதிமன்றத்திலிருந்து வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அதில் நிலைநாட்டியது. அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக ராணிடெக், விஷ்டெக், ஆம்பூர்டெக், வாணிடெக் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற விதி வந்தது. நீரை வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரை அடுத்தடுத்த கலன்களில் கொதிக்கவைத்து உப்பாகப் பிரிக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த அந்த விதி, ஆற்றங்கரையில் டன் கணக்கில் எஃகாக நின்றது: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலன்கள், கிலோமீட்டர் கணக்கில் குழாய்கள், தொட்டிகளின் மேல் நடைபாதைகள், சகதியை வழிக்கும் துடுப்புகள். 2025 ஜனவரி 30 அன்றும் பாலாற்றின் சீரழிவையும் இழப்பீட்டையும் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. ஆற்றுக்கு நியாயம் இன்னும் முழுதாகக் கிடைத்தபாடில்லை. ஆனால் ஒவ்வொரு தீர்ப்புக்குப் பிறகும் பட்டறைகளுக்கு வேலை வந்தது.

வேலை தீராமல் இருப்பதற்கு உப்பும் ஒரு காரணம். தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. அந்த உப்பு கழுவுநீரில் கரைந்து, தரையில் ஓடி, காற்றின் ஈரத்தில் கலந்து, கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் தின்கிறது. போதாக்குறைக்கு அமிலம், சல்பைடு. மற்ற ஊரில் பல ஆண்டு நிற்கும் கைப்பிடிக் கம்பி இங்கே சீக்கிரம் இற்றுப்போகிறது. சாதாரண 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உப்பு பட்ட இடத்தில் ஊசிமுனை அளவு குழி விழுந்து உள்ளே ஆழமாகப் போகும். மாலிப்டினம் கலந்த 316 அதைவிடத் தாங்கும், விலையும் கூட. எங்கே 304 போதும், எங்கே 316 இல்லாமல் தீராது என்று அறிந்து சொல்லும் பட்டறைக்காரர் ஒரு பொறியாளருக்குச் சமம். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு முடிவில் தொட்டியின் ஆயுளே அடங்கியிருக்கிறது.

எடை போட்டுப் பேசும் தொழில்

பட்டறைக்கு வேலை எப்படி வருகிறது? சில சமயம் கம்ப்யூட்டரில் போட்ட டிராயிங்காக. பல சமயம் உடைந்த பாகமாகவோ, துண்டுக் காகிதத்தில் பேனாவால் கிறுக்கிய படமாகவோ. எதுவானாலும் மேஸ்திரி முதலில் போடும் கணக்கு எடை. ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. பத்து மில்லி பிளேட் என்றால் சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. எட்டுக்கு நாலு அடி ஷீட், இரண்டு மில்லி என்றால் ஏறக்குறைய 47 கிலோ. கம்பிக்கு வேறு சூத்திரம்: விட்டத்தை மில்லியில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை. பதினாறு மில்லி கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவரும் இதை மனசிலேயே போடுவார்.

அடுத்த கேள்வி, 'கிலோ என்ன ரேட்டு?' இரும்பும் சேர்த்தா, கூலி மட்டுமா என்று இரண்டு வகை. கூலி ரேட்டுக்குள் வெல்டிங் ராடு, கேஸ், கிரைண்டர் வீல், கரண்ட், ஆள் சம்பளம், ஷெட் வாடகை, வண்டி வாடகை எல்லாம் அடங்க வேண்டும். இருபது மில்லி பிளேட்டில் ஒரு மெஷின் அடித்தளம் செய்தால் நாலு வெட்டு, கொஞ்சம் வெல்டிங், எடையோ கொள்ளை. கையில் நாலு காசு நிற்கும். அதே ரேட்டில் டாகிள் சட்டமோ மெல்லிய கைப்பிடியோ எடுத்தால் நூறு இடத்தில் வெட்டி, நூறு இடத்தில் பற்றவைத்து, தேய்த்து முடித்தபின் தராசில் ஏற்றினால் எடை ஏறாது. முதலுக்கே மோசம். அனுபவசாலிகள் கனமானதையும் மெல்லியதையும் கலந்து எடுத்துச் சமாளிக்கிறார்கள். புதிதாகக் கடை போட்டவர்கள் முதல் வருஷத்தில் இங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ரேட்டு முடிந்தால் மார்க்கிங். சாக்பீஸ், கீறும் ஊசி, பஞ்ச். பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும் இந்தக் கட்டத்தில்தான் மூளை அதிகம் செலவாகிறது. இரண்டு மீட்டர் உள்விட்டத்தில் ஆறு மில்லி பிளேட்டை உருட்டி ஒரு தொட்டி செய்ய வேண்டும் என்று வையுங்கள். உள்விட்டத்தை வைத்து நீளம் எடுத்தால் 6283 மில்லி வரும். ஆனால் உருட்டும்போது பிளேட்டின் உட்புறம் சுருங்கி வெளிப்புறம் விரிகிறது. நீளம் மாறாமல் இருப்பது நடுப்பகுதி. எனவே விட்டத்தை 2006 என்று எடுக்க வேண்டும். நீளம் 6302 மில்லி. இந்தப் பத்தொன்பது மில்லியை மறந்தால் தொட்டியின் வாய் மூடாது. ஷீட்டை மடிக்கும்போதும் இதே பாடம். ஒரு செங்கோண மடிப்புக்குத் தடிமனின் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கழித்துக்கொண்டு வெட்ட வேண்டும். எந்த மெஷினில், எந்த அச்சில் மடிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கழிவு மாறும். ஒவ்வொரு பட்டறையிலும் அதற்கென்று ஒரு பழைய நோட்டு இருக்கும், அல்லது ஒரு பழைய ஆள் இருப்பார்.

வெட்டுவதில் எனக்குப் பிடித்த ரசாயனம் ஒன்று உண்டு. கேஸ் கட்டிங் என்றால் இரும்பை உருக்கி வெட்டுவது என்று நினைக்கிறோம். உண்மையில் இரும்பைச் செக்கச்சிவக்கச் சூடாக்கி, அதன் மேல் சுத்தமான ஆக்சிஜனைப் பீய்ச்சி, இரும்பையே எரிக்கிறோம். எரிந்த இரும்பு ஆக்சைடாகி ஒழுகிவிடும், வெட்டு விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்த வித்தை பலிக்காது. அதிலுள்ள குரோமியம் எரிந்து, எளிதில் உருகாத ஏடு ஒன்றை மேலே படரவிட்டு ஆக்சிஜனைத் தடுத்துவிடும். எனவே அதற்கு பிளாஸ்மா, கட்டிங் வீல், அல்லது இப்போது லேசர். துருவைத் தடுக்கும் அதே குரோமியம்தான் இங்கே வெட்டையும் தடுக்கிறது.

பிறகு டாக் அடிப்பது. துண்டுகளைச் சேர்த்து அங்கங்கே ஒரு பொட்டு வெல்டிங். சட்டம் சதுரமாக நிற்கிறதா என்று மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்கு அளவும் ஒன்றா என்று பார்ப்பார்கள். இதற்கு மேல்தான் முழு வெல்டிங். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்து இரும்பையும் இழுக்கும். ஒரே பக்கமாக ஓடவிட்டால் நேராக இருந்த சேனல் கோணிக்கொள்ளும். எனவே இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம், விட்டு விட்டு. எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்தவர் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சற்று சாய்த்து டாக் அடிப்பார். சாதாரண வேலைக்கு 6013 ராடு. பாரம் தாங்குகிற இடத்துக்கு 7018. ஆனால் அதை ஓவனில் வறுத்து ஈரம் போக்கிப் பயன்படுத்த வேண்டும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் புகுந்து, வேலை முடிந்து மணிக்கணக்கு கழித்தும் விரிசல் விடவைக்கும். ஓவன் இல்லாத இடத்தில் 7018 ராடு போட்டேன் என்று பெருமைப்படுவதில் பயனில்லை.

தொட்டி கசிகிறதா என்று பார்க்கப் பெரிய வேலைகளில் சிவப்புச் சாயம் தடவி வெள்ளைப் பொடி தெளிக்கும் சோதனை உண்டு. சிறு பட்டறைகளில் அதற்கும் முந்தைய ஒரு வழி இருக்கிறது. வெல்டிங்கின் ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்து உலரவிடுவார்கள். மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் சிறிது நேரத்தில் சுண்ணாம்பில் ஈரப்பொட்டு எழும். செலவு இல்லாத, ஏமாற்றாத சோதனை.

வேலையைக் கொடுத்தாயிற்று. பணம்? முன்பணம் இரும்பு வாங்கவே சரியாகப் போகும். மீதி பில் போட்டபின். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்குமேல் இழுக்கக்கூடாது என்கிறது. இழுத்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்தது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை வேலை வாங்கியவர் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இல்லாத பட்டறைக்கு இதில் ஒன்றும் கிடையாது. பதிவு உள்ளவரும், நாளைக்கு மறுபடி அதே டேனரி வாசலுக்குத்தானே போக வேண்டும் என்று புகார் எழுதத் தயங்குகிறார். இதற்கிடையில் இரும்பு விலை நிற்காமல் ஓடும். 2021, 22-ல் எஃகு விலை ஏறிய வேகத்தில், விலையைக் கட்டுப்படுத்த 2022 மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கே 15 சதவீத வரி போட்டு, நவம்பரில் விலக்கிக்கொண்டது. பழைய விலைக்கு கொட்டேஷன் கொடுத்துவிட்டு அந்த மாதங்களில் இரும்பு வாங்கியவர்களின் கையைக் கடித்த கணக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

ஒரே வாசலை நம்பிய ராணிப்பேட்டை

ராணிப்பேட்டைப் பட்டறைகளின் கதை கொஞ்சம் வேறு. அங்கே தோல் மட்டும் இல்லை. பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை இருக்கிறது. அனல் மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் நிலைமின் தூசுப் பிடிப்பான் அங்கே செய்யப்படும் முக்கியப் பொருள். புகையை உயரமான தகடுகளுக்கு நடுவே செலுத்தி, பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் தூசிக்கு மின்னூட்டம் கொடுத்தால், தூசி தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தகட்டைத் தட்டினால் கீழே உள்ள கூம்புத் தொட்டியில் விழும். இந்தப் பெரும் கூட்டின் சுவர்கள், தூண்கள், கூம்புகள், காற்றுக் குழல்கள் என்று ஃபேப்ரிகேஷன் வேலைக்கு முடிவே இல்லை. அதை வெளியே கொடுத்தார்கள். சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் துணைக் கூடங்கள் வரிசையாக முளைத்தன. இரும்பை பெல் கொடுக்கும்; வெட்டி, மடித்து, பற்றவைத்துக் கொடுத்தால் எடைக்குக் கூலி.

இங்கே கற்றுக்கொண்டது பெரிது. டிராயிங் படிப்பது, தகுதிச் சோதனை எழுதிய வெல்டர், ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வு, ஒவ்வொரு துண்டுக்கும் எண் என்ற ஒழுங்கு இந்த வட்டாரத்துக்கு அந்த ஆலையால் வந்தது. ஆனால் ஒரே வாசலை நம்பியதன் விலையும் பெரிது. 2010-களின் நடுவில் புதிய அனல் மின் நிலைய ஆர்டர்கள் வற்றியபோது துணைக் கூடங்கள் பல வெறிச்சோடின. பெரிய கூம்புகளைச் செய்யும் ஷெட்டில், கிரேனுக்கும் உருட்டு மெஷினுக்கும் வாங்கிய கடனின் தவணை மட்டும் நிற்காமல் வந்தது. அண்மை ஆண்டுகளில் அனல் மின் ஆர்டர்கள் மறுபடி பெலுக்கு நிறைய வந்திருக்கின்றன. அந்த வருமானத்தைக் கொண்டு இன்னொரு வாசலையும் திறந்து வைத்துக்கொள்ளாத கூடங்கள் அடுத்த வறட்சியில் தாங்காது என்றே நினைக்கிறேன். தோலிலும் இதே நிலை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மேல் 50 சதவீத வரி விதித்த சமயத்தில் காலணி ஏற்றுமதியாளர்கள் கவலைப்பட்டதைப் பத்திரிகைகள் எழுதின. ஆர்டர் தடுமாறும்போது ஒரு கம்பெனி முதலில் ஒத்திப்போடுவது புது டை, புது ஷெட், பழுதுபார்ப்பு. அது யார் வேலை என்று யாரும் எழுதவில்லை.

மூச்சு

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை இருந்தது. டேனரிகளுக்கான குரோமியம் உப்பு செய்தது. தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டபோது லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை மண்ணில் விட்டுச் சென்றது. 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றதற்கு அந்தக் கழிவு முக்கியக் காரணம். அதிலுள்ளது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் தருவது. தோலைப் பதமிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு அந்தக் கொடூரம் இல்லை.

ஊர் முழுக்க அறிந்த இந்த விஷம் வெல்டிங் ஷெட்டுக்குள்ளும் பிறக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சுமார் 18 சதவீதம் குரோமியம். அதை ராடு போட்டுப் பற்றவைக்கும்போது எழும் புகையில் அதன் ஒரு பகுதி ஆறு இணைதிறன் வடிவில் வருகிறது. டிக் (TIG) வெல்டிங் முறையில் இது மிகக் குறைவு. சாதாரண ராடு வெல்டிங்கில் அதிகம். 2017-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகைப் பொருளாக வகைப்படுத்தியது. இவ்வளவுக்கும் பிறகு பல பட்டறைகளில் பாதுகாப்பு என்பது முகத்தில் சுற்றிய ஒரு கைக்குட்டை. துணி புகையைத் தடுக்காது. கண்ணில் ஆர்க் அடித்தால் இரவில் உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக்கொண்டு படுக்கும் வைத்தியம் இன்னும் இருக்கிறது. கண் இரண்டு நாளில் ஆறிவிடும். நுரையீரல் அப்படி ஆறாது.

தொட்டிக்குள் இறங்கிச் செய்யும் வேலை அதைவிடப் பயங்கரம். தோலின் மயிரை நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அந்த நீரோடு அமில நீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். ஆபத்து போய்விட்டது என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் அது கொல்லும். தீப்பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். இப்படிப்பட்ட கலனுக்குள் வெல்டிங் கேபிளோடு ஓர் ஆளை இறக்குவதற்கு முன் காற்றை ஊதி வெளியேற்ற வேண்டும், வாயு அளக்கும் கருவியை இறக்கிப் பார்க்க வேண்டும், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் வேலை முடியும் வரை நிற்க வேண்டும். கழிவு எவ்வளவு வேகமாக உயிரை எடுக்கும் என்று ராணிப்பேட்டைக்குத் தெரியும். 2015 ஜனவரி இறுதியில் ஓர் இரவு, சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அமிழ்ந்து இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

கிலோ ரேட்டில் இதற்கெல்லாம் இடம் எங்கே இருக்கிறது? ஊதும் ஃபேனுக்கு எடை இல்லை. வாயு அளக்கும் கருவி தராசில் ஏறாது. மேலே கயிறு பிடித்து நிற்பவர் ஒரு கிலோ இரும்பையும் பற்றவைப்பதில்லை. போட்டியில் ரேட்டைக் குறைக்க வேண்டியபோது முதலில் விடுபடுவது இவைதான். பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குறைந்த ரேட்டுக்குத்தான் வேலை என்று சொல்பவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கிடையில் பட்டறை மாறிக்கொண்டும் இருக்கிறது. ஃபைபர் லேசர் மெஷின் வைத்திருப்பவர்கள் ஷீட்டை நிமிடக் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார்கள். கேஸ் கட்டரும் சாக்பீஸும் அந்த வேலையிலிருந்து விலகுகின்றன. ஷூ கம்பெனிகளில் கணினி சொல்லும் கோட்டில் ஓடும் கத்தி வந்துவிட்டது. அதற்கு டையே வேண்டாம். மாதிரி ஷூவுக்கும் சின்ன ஆர்டருக்கும் அது வசதி. ஆயிரக்கணக்கில் ஒரே துண்டை வெட்டும்போது டையின் வேகத்துக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே சிப்காட் வளாகத்துக்குத் தைவானின் ஹாங் ஃபூ, தோல் அல்லாத காலணி ஆலையோடு வருகிறது. கார் கம்பெனியின் வேலை கைக்கு எட்ட வேண்டுமென்றால் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்குப் பதில் சொல்லவும், ஒவ்வொரு வெல்டிங்குக்கும் பதிவேடு வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பெல் வேலை பார்த்த கூடங்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. ஆம்பூர் ஓரத்துப் பட்டறைகளுக்கு, சோதனைக் கருவிகளும் மடிப்பு மெஷினும் வெல்டர் தகுதிச் சோதனை வசதியும் உள்ள ஒரு பொதுக்கூடம் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். தோலுக்குச் சென்னையில் 1948-லேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்த நாடு இது. தோலைத் தாங்கும் இரும்புக்கு ஒரு சோதனைக் கூடம் கேட்பது அதிகமில்லை.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரிய பணமும் தேவையில்லை. டேனரிகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஃபேப்ரிகேஷன் வேலைக்கு டெண்டர் போடும்போது கிலோ ரேட்டுக்குக் கீழே தனி வரிகள் சேர்க்கட்டும்: வாயுச் சோதனை, காற்று ஊதுதல், காவல் ஆள், ஸ்டெயின்லெஸ் வேலையில் புகை உறிஞ்சும் குழாய். ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. எந்தப் பட்டறைக்காரரும் அதில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துப் போட்டியிட முடியாத நிலையான தொகை. வேலை கொடுப்பவரே கொடுக்க வேண்டியது. அந்த வரிகள் நிரம்பி, கையெழுத்தாகி வராத வரைக்கும் யாரும் தொட்டிக்குள் இறங்கக்கூடாது.